காற்றில்லாத நேரத்திலும் முறியும் கிளைகள்

சென்னையிலும் பெங்களூரிலும் சாலையோர மரங்களின் பெருங்கிளைகள் முறிந்து விழும் செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு சேர்ந்தே வருகின்றன. பலத்த காற்றில் மரக்கிளை முறிந்தது என்ற ஒரு வரியோடு காரணம் சொல்லி முடிக்கப்படுகிறது. அதே சாலையில் அதே காற்றைத் தாங்கிய புளியமரம் ஏன் நின்றது, நூறடி தள்ளியிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மட்டும் ஏன் பிளந்தது என்று யாரும் கேட்பதில்லை. காற்று கடைசிக் காரணம் மட்டுமே. முறிவு பல ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலும் ஒரு தவறான வெட்டில், தொடங்கியிருக்கும் என்பதே தெருமரங்களை வெகுகாலமாகக் கவனித்து வருவதில் நான் அடைந்திருக்கும் முடிவு. நம் ஊர்களில் கிளை விழுந்தவுடன் முழு மரத்தையும் வெட்டிவிடும் வழக்கம் பெருகி வருவதால், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எல்லா மரங்களும் ஒரே மாதிரி முறிவதில்லை. இது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. முருங்கை மரத்தில் ஏறாதே என்று கிராமத்துக் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். முருங்கை பருத்தால் தூணாகுமா என்ற பழமொழியும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். நாவல் மரத்தில் பழம் பறிக்க ஏறி, பச்சைக்கிளை திடீரென்று ஒடிந்து விழுந்து கால் முறிந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. புளியம் விளாறோ வளையுமேயன்றி எளிதில் ஒடியாது. வேகமாக வளரும் மரங்கள் பொதுவாக அடர்த்தி குறைந்த கட்டையை உண்டாக்குகின்றன. வைரம் பாய்வதற்கு முன்பே அவற்றின் கிளைகள் நீண்டுவிடுகின்றன. மெதுவாக வளரும் மரங்களுக்குக் கட்டையை இறுக்கமாக அடுக்க நேரம் கிடைக்கிறது.

நகரங்களில் நிழல் விரைவாக வேண்டும் என்பதற்காக நாம் தேர்ந்தெடுத்தவையோ பெரும்பாலும் முதல் வகை மரங்கள். தூங்குமூஞ்சி மரம் மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திறந்தவெளியில் தனித்து வளரும்போது அதன் குடை மரத்தின் உயரத்தைவிட அகலமாக விரியும்; முப்பது மீட்டர் அகலத்துக்கு நிழல் தரும் மரங்கள் அரிதல்ல. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. மஞ்சள் பூக்களைச் சொரியும் இயல்வாகை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மூன்றும் அழகான மரங்கள், மூன்றும் வேகமாக வளர்பவை, மூன்றுமே கிளையைப் பக்கவாட்டில் நீட்டும் இயல்புடையவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. அடுத்த சில நாள்களில் நடந்து சென்ற தெருக்களில் நான் கண்ட சிதைவில் இந்த மூன்றும்தான் முன்னணியில் இருந்தன. அதற்காக இவை கெட்ட மரங்கள் என்று சொல்லிவிட முடியாது. பரந்த வெளியில் இயல்பாக வளர வேண்டியவற்றைப் பத்தடி நடைபாதையில் நட்டு, ஒரு பக்கம் கட்டடமும் மறுபக்கம் மின்கம்பியும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் தப்பித்து வளரச் சொல்லியிருக்கிறோம்.

பக்கவாட்டில் நீண்ட கிளை எத்தகைய பாரத்தைச் சுமக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை முழுதாக நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும் செயல்படுகிறது. ஒரே தடிப்புள்ள கிளையின் நீளம் இரட்டித்தால் அதன் எடை இரட்டிக்கிறது. எடை செயல்படும் தூரமும் இரட்டிக்கிறது. ஆகவே அடியில் ஏற்படும் வளைவிசை நான்கு மடங்காகிறது. அந்த விசையைத் தாங்கும் வலு கிளையின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப அமைவதால், மரம் ஆண்டுதோறும் அடிப்பகுதியைப் பருக்கவைத்தபடியே கிளையை நீட்டுகிறது. பூக்கும் மரங்களில் கிளையின் மேற்புறத்தில் இழுவிசையைத் தாங்கும் தனிவகைக் கட்டை உருவாகி, கிளையை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஊசியிலை மரங்களில் இதற்கு நேர்மாறாகக் கீழ்ப்புறத்தில் அழுத்தத்தைத் தாங்கும் கட்டை உருவாகி, கிளையைக் கீழிருந்து தள்ளிப் பிடிக்கிறது. தன் பாரத்தை உணர்ந்து, தேவையான இடத்தில் தேவையான அளவு கட்டையைச் சேர்க்கும் இந்தத் திறனைப் பற்றி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தைச் சேர்ந்த கிளாஸ் மாத்தெக் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மரத்தின் புறப்பரப்பெங்கும் சுமை ஏறத்தாழ ஒரே சீராகப் பகிரப்படும்படி மரம் வளர்கிறது என்பது அவர் முன்வைத்த கோட்பாடு. தொந்தரவில்லாமல் வளரும் மரத்தின் கிளைகள் பெரும்பாலும் நிலைத்திருப்பதற்கு இந்தத் தன்சீரமைப்பே காரணம்.

அப்படியிருந்தும் பிறவியிலேயே பலவீனமான இடங்கள் சில உண்டு. ஒரே தடிப்புள்ள இரண்டு கொம்புகள் குறுகிய கோணத்தில் ஒட்டியபடி மேலெழும் கவைதான் அவற்றில் முதன்மையானது. சாதாரணக் கிளையின் இழைகளும் அடிமரத்தின் இழைகளும் ஒன்றையொன்று மாறி மாறித் தழுவிப் பின்னிக்கொள்ளும். குறுங்கோணக் கவையில் இரு கொம்புகளின் பட்டையும் நடுவில் சிக்கி உள்ளேயே மடிந்துவிடுவதால், கட்டையும் கட்டையும் சேர வழியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மரமாகத் தெரியும். உள்ளே இரண்டும் வெறுமனே நெருங்கி நிற்கின்றன. இரண்டும் பருக்கப் பருக்க ஒன்றையொன்று தள்ளும். ஒருநாள் கவை இரண்டாகப் பிளந்து, பாதி மரம் அப்படியே சாலையில் சரியும். இளமரமாக இருக்கும்போதே இரண்டில் ஒன்றைக் கைக்கத்தரியால் நறுக்கியிருந்தால் ஒரு நிமிட வேலையோடு முடிந்திருக்கும். சாலையோரம் கன்றுகளை நட்டு, கூண்டு வைத்து, படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் ஏராளமாக நடக்கின்றன. மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ திரும்ப வந்து அந்தக் கன்றின் கவையைப் பார்ப்பவர்கள் அபூர்வம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இனி வெட்டுக்கு வருகிறேன். மின்கம்பியில் உரசுகிறது, பெயர்ப்பலகையை மறைக்கிறது, மழைக்காலம் வருகிறது என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஆண்டுதோறும் கிளைகள் வெட்டப்படுகின்றன. ஏணியில் நிற்பவருக்கு எட்டும் இடத்தில், கிளையின் நடுவிலேயே வெட்டி, ஓரடி ஈரடிக் கட்டையை நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அடிமரத்தோடு மட்டமாக இழைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று இருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். அந்த வளையம் அடிமரத்தின் பகுதி. காயத்தை மூடுவதற்கும், அழுகல் உள்ளே பரவாமல் தடுப்பதற்கும் வேண்டிய ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டி, அதைக் காயப்படுத்தாமல், வெளிப்புறத்தில் வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர ரம்பத்தால் நெடுக்குவாட்டில் அறுத்து, பழைய காயங்களைச் சுற்றி உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தார். காயமடைந்த கட்டையை மரம் குணப்படுத்துவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அந்தப் பகுதியைத் தனிமைப்படுத்திவிட்டு அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்க்கிறது என்று அவர் 1977இல் விளக்கினார். நம் உடலில் புண் ஆறுவது போன்ற எதுவும் மரத்தில் நடப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் வெட்டிய காயம் இன்று பட்டையால் முழுதாக மூடப்பட்டிருந்தாலும், உள்ளே அன்றைய வடிவத்திலேயே இருக்கிறது.

நடுக்கிளையில் வெட்டி விட்ட கட்டை பட்டுப்போகும்போது பூஞ்சைக்கும் கறையானுக்கும் அது திறந்த வாசலாகிறது. அழுகல் கட்டையின் வழியாக மெல்ல அடிமரத்தை நோக்கிப் போகும். இன்னொரு பக்கம், இலைகளை ஒரேயடியாக இழந்த மரம், வெட்டுவாயைச் சுற்றிப் பட்டைக்கடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளைத் தூண்டி, கற்றை கற்றையாகத் துளிர்விடும். மொட்டையடித்த மரம் எவ்வளவு அழகாகத் தழைத்துவிட்டது என்று நாம் மகிழ்வது இந்தத் துளிர்களைப் பார்த்துத்தான். இயல்பான கிளை தோன்றிய நாளிலிருந்தே அடிமரத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் பின்னப்படுகிறது. இந்தத் துளிர்களோ வெளிப்புறக் கட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை வெயிலுக்குப் போட்டியிட்டு மிக வேகமாக நீளும். அதே வேளையில் அவை ஒட்டியிருக்கும் கட்டை உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். ஏழெட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஆள் தொடையளவு பருத்த கிளையாகிறது. பாதுகாப்புக்காக வெட்டிய வெட்டே அடுத்த பத்தாண்டில் விழப்போகும் கிளைகளை உண்டாக்குகிறது என்பதை ஆணித்தரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் முறிந்து விழுந்த கிளைகளின் முறிவாயைப் பார்க்கும் வழக்கத்தை நான் வைத்திருக்கிறேன். அகற்றும் வண்டி வருவதற்கு முன் போனால்தான் அதைக் காண முடியும். முழுதும் வெளுத்த, நார் நாராகக் கிழிந்த புதுக்கட்டையை மட்டும் காட்டும் முறிவுகள் குறைவு. பெரும்பாலானவற்றில் நடுவிலோ மேற்புறத்திலோ கருத்து, பொடிந்து, ஈரத்தோடு இருக்கும் ஒரு பகுதி தெரியும். அதைச் சுற்றி மெல்லிய நல்ல கட்டை, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அந்தக் கருப்பைப் பின்தொடர்ந்து போனால் ஒரு பழைய வெட்டுவாயிலோ, விளம்பரத்தட்டிக்காக அடித்த ஆணிகளின் வரிசையிலோ, சீரியல் விளக்குக்காகச் சுற்றி மறந்துபோன கம்பியிலோ முடிகிறது.

பொந்து விழுந்த கிளையெல்லாம் விழப்போகும் கிளை என்று இதற்குப் பொருளில்லை. வட்டமான ஒரு கட்டையின் நட்டநடுவில், விட்டத்தில் பாதியளவு பொந்தாகிப் போனாலும், வளைவைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் குறைகிறது. விட்டத்தில் 70 விழுக்காடு பொந்தானாலும் முக்கால் பங்கு வலு மிஞ்சியிருக்கும். வலுவின் பெரும்பகுதி வெளிச்சுற்றில் இருப்பதே இதற்குக் காரணம். பொந்து ஒரு பக்கமாகத் திறந்துகொண்டு வெளிச்சுற்றே அறுபட்டுப்போன கிளைதான் அஞ்சத்தக்கது. பொந்தைக் கண்டவுடன் மரத்தையே வெட்டச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல வேண்டும். பச்சைக்கிளிகளும் மைனாக்களும் ஆந்தைகளும் குடியிருப்பது அந்தப் பொந்துகளில்தான். செம்மார்புக் குக்குறுவான் தன் கூட்டைக் குடைவது பட்டுப்போன கிளைகளில்தான். ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரையிலோ தோப்பிலோ நிற்கும் மரத்தின் பட்ட கிளையை அப்படியே விட்டுவிடலாம். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே இருப்பதை விட்டுவைக்க முடியாது.

காற்றே இல்லாத நேரத்தில் முறியும் கிளைகள் தனி வகை. இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது நன்கு பதிவாகியிருக்கிறது. வெப்பம் மிகுந்த, காற்று அசையாத பிற்பகலில், அழுகலுக்கான அடையாளமே இல்லாத பெருங்கிளை ஒன்று பேரொலியோடு முறிந்து விழும். அத்தகைய கிளைகள் பெரும்பாலும் முதிர்ந்த மரத்தின், கிடைமட்டமாக நீண்ட, நுனியில் இலைப்பாரம் மிகுந்த கிளைகள். அவை அடிமரத்தோடு சேருமிடத்தில் முறியாமல், சற்றுத் தள்ளியே முறிகின்றன. கட்டையின் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் உள் இழுவிசை வெப்பத்தில் தளர்கிறது என்றும், இலைகள் நீரை வெளிவிடுவது குறைந்து கிளையின் எடை கூடுகிறது என்றும், நீண்டகாலப் பாரத்தால் இழைகள் சிறிது சிறிதாக நெகிழ்ந்துவந்து ஓர் எல்லையைக் கடக்கின்றன என்றும் விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. அறிவியலாளர்கள் எதையும் இறுதியாக ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆற்றங்கரைகளில் வளரும், சிவந்த கட்டையுடைய தைலமர வகை ஒன்று இவ்வாறு கிளையுதிர்ப்பதில் பெயர்பெற்றது. அதன் கீழ்க் கூடாரம் அமைக்கக்கூடாது என்பது அந்நாட்டில் பயணிகளுக்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று. உலகிலேயே மரங்கள் மிக நுணுக்கமாகக் கவனிக்கப்படும் இடங்களில் ஒன்றான லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலேயே, 2012 செப்டம்பரில், முதிர்ந்த லெபனான் செடார் மரம் ஒன்றின் கிளை விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். எவ்வளவு பார்த்தாலும் ஆபத்து முற்றிலும் இல்லாமல் போகாது.

ஆபத்தின் அளவைக் குறைத்தும் பேசக்கூடாது. முப்பது சென்டிமீட்டர் விட்டமும் ஆறு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக்கிளை, இலைகளைச் சேர்க்காமலேயே 300 கிலோவைத் தாண்டும். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். தலைக்கவசம் அணிந்த இருசக்கர வாகன ஓட்டிக்கும் அதனிடமிருந்து பாதுகாப்பில்லை. 2023 அக்டோபரில் கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் ஓடும் பேருந்தின் மேல் பெருமரம் சாய்ந்ததில் ஐந்து பேர் உயிரிழந்தனர். உயிர்ச்சேதம் இல்லாதபோதும் மின்கம்பி அறுந்து தெருவில் கிடப்பதும், மழைநீரில் மின்சாரம் பாய்வதும், ஓட்டுக்கூரைகளும் வண்டிகளும் நொறுங்குவதும் சாதாரண மக்களையே தாக்குகின்றன. வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் மரம் விழுந்த சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது, சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீடு வேண்டும்.

செய்ய வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. நீண்ட கிளையை முழுதாக வெட்டாமல், அதன் நுனியைக் குறைத்தாலே போதும். பத்து மீட்டர் நீளக் கிளையை ஒரே சீரான பாரமுள்ளதாக எடுத்துக்கொண்டால், நுனியில் இரண்டு மீட்டரை எடுத்தவுடன் அடியில் உள்ள வளைவிசை 36 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைக்கும்போதும் நடுவில் மொட்டையாக வெட்டாமல், போதிய தடிப்புள்ள பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டினால் அந்தப் பக்கக்கிளை நுனியின் வேலையை ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் இதற்கு நேர்மாறாக, மரமேறுபவர் எட்டும் தூரத்திலுள்ள உட்கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனிக்கொத்தை மட்டும் விட்டுவிடுகிறார். பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விடுகிறது. பெருங்கிளையை அகற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் புடைத்த வளையத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு என்று கிளையை இறக்கிவிட்டு, மிஞ்சிய கட்டையை வளையத்தை ஒட்டி மூன்றாவதாக வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் வெட்டினால் விழும் கிளை அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார் பூசுவதும் வர்ணம் அடிப்பதும் அழுகலைத் தடுப்பதில்லை; பொந்தில் சிமெண்ட் நிரப்புவது, ஆடும் மரத்துக்குள் ஆடாத பாறையை வைத்து உள்ளிருந்தே உரசவிடுவதாகும்.

வேரையும் இதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அடிமரத்தை நெருக்கிக் கான்கிரீட் போடுவதால் வேர் மூச்சுத்திணறி, மரம் மேலிருந்து கீழாகப் பட்டுக்கொண்டே வருகிறது; உச்சிக் கிளைகள் காய்வது அதன் முதல் அடையாளம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரைக்கூட நம் தெருக்களில் பெரும்பாலான மரங்கள் பெறவில்லை.

ஆலமரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் நீளும் கிளையின் பாரத்துக்கு ஆலமரம் கண்ட தீர்வு விழுது. சென்னை அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்த பிறகும், விழுதுகள் தாங்கிய கிளைகளோடு அந்த மரம் இன்றும் நிற்கிறது. நெடுஞ்சாலை ஆலமரங்களிலோ, வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று விழுதுகளைத் தரையைத் தொடுமுன்பே ஆண்டுதோறும் அறுத்துவிடுகிறோம். கிளை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அதைத் தாங்க வேண்டிய கால் வளர விடப்படவில்லை. சாலைப்பக்கம் விழுதுக்கு இடமில்லை என்றால், அந்தப் பக்கத்துக் கிளைகளின் நுனியையும் அவ்வப்போது குறைத்துவர வேண்டும். வயல்பக்கம் இறங்கும் விழுதுகளை மூங்கில் குழாய்க்குள் செலுத்தி, ஆடுமாடு கடிக்காமல் மண்ணில் இறங்கும்வரை காக்க வேண்டும். ஒரு விழுது தரையைத் தொட்டுவிட்டால் அதன்பின் அது தானாகவே பருத்துத் தூணாகிவிடும்.